உரிமமும் வகுப்பறையும்: மான்குர்த்தின் வழியே ஒரு வரலாறு

மும்பையின் துறைமுக ரயில் பாதையில், கடற்கழியைக் கடந்து வாஷிக்குள் நுழைவதற்கு முன் வரும் கடைசி நிலையம் மான்குர்த். இங்கே, அணுசக்தி நகரையொட்டிய வி.என். புரவ் மார்க்கில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் அங்கமான ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இயங்கிவருகிறது. 1974ஆம் ஆண்டு, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் நல்கையுடன் நானா சௌக்கிலிருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய இம்மையம், தொண்ணூறுகளில் மான்குர்த்தில் தனக்கெனச் சொந்த வளாகம் பெற்றது. இந்தியப் பள்ளிகளுக்கான அறிவியல், கணிதப் பாடங்களை ஆராய்ந்து உருவாக்குவதே இதன் பணி.

இதே வட்டாரத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி வளர்ந்திருந்த ஜனதா காலனியில் பல்லாயிரம் உழைப்பாளிகள் வாழ்ந்தனர். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த ஜோக்கின் அற்புதம் அக்குடியிருப்பின் தலைவராக உருவானார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு அக்காலனி அகற்றப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் போலவே, மான்குர்த்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மும்பை மாநகராட்சி எட்டு மொழிவழிகளில் நடத்தும் பள்ளிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் அடங்கும்.

ஆக, ஒரே வட்டாரத்தில் பாடங்களை உருவாக்கும் தேசிய நிறுவனமும் இருக்கிறது. தமிழில் படிக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அந்நிறுவனத்தில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ உருவாகும் ஒரு பாடம், அருகிலுள்ள தமிழ்வழி வகுப்பறைக்குள் எந்த உரிமையின் பேரில் நுழைய முடியும்? யாரோ ஒரு ஆசிரியர் அதை மொழிபெயர்க்க வேண்டும், எடுத்துக்காட்டுகளை மாற்ற வேண்டும், படியெடுக்க வேண்டும், பிற பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்ப வேண்டும். இந்த நான்கு செயல்களும் பதிப்புரிமைச் சட்டத்தின் எல்லைக்குள் வருபவை. இவற்றுக்கான அனுமதி எவ்வெவ்வாறு தேடப்பட்டது என்பதே திறந்த உரிமங்களின் வரலாறு.

நாட்டுடைமை: தமிழர் அறிந்த முதல் வழி

தமிழர்களுக்கு இந்தத் தேடல் புதிதன்று. பாரதியார் 1921ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய எழுத்துகளின் உரிமை குடும்பத்தார், பதிப்பித்தவர்கள், திரைப்பட நிறுவனம் எனப் பல கைகளுக்குச் சென்றது. அவ்வுரிமையை மக்களுடையதாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு அதைப் பெற்றது. 1955ஆம் ஆண்டு அப்படைப்புகள் பொதுவாக்கப்பட்டன. ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் என்ற அன்றைய சட்டக் காலவரையறை இயல்பாக முடிந்திருந்தால், 1971ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். பதினாறு ஆண்டுகளை அரசு மீட்டுத் தந்தது எனலாம்.

அதன்பின் தமிழ்நாட்டில் பல எழுத்தாளர்களின் நூல்கள் மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கி நாட்டுடைமையாக்கப்பட்டன. அவற்றுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ் விக்கிமீடியர்களும் இணைந்து மேற்கொண்ட பணியால், முழு உரிமைத் துறப்பைக் குறிக்கும் பொதுக்கள அறிவிப்புடன் விக்கிமூலத்தை அடைந்தன.

நாட்டுடைமையின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் வகுப்பறையின் நோக்கில் அதற்கு மூன்று வரம்புகள் உண்டு. ஒன்று, பெரும்பாலும் அது ஆசிரியரின் மறைவுக்குப் பிறகே நிகழ்கிறது. இரண்டு, அரசின் முடிவும் நிதியும் இன்றி அது நிகழாது. மூன்று, இலக்கியவாதிகளை நினைவுகூரும் அந்த ஏற்பாடு, சென்ற மாதம் ஒரு பள்ளியில் உருவான ஒளிச்சேர்க்கைப் பயிற்சித் தாளைப் பொருட்படுத்த வாய்ப்பில்லை. வகுப்பறைக்கு அன்றாடம் தேவைப்படுவதோ அந்தத் தாள்தான்.

சட்டம் தரும் இடம்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கல்விக்கென ஓர் இடத்தை ஒதுக்கியது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தல் உரிமை மீறலாகாது என்கிறது அதன் 52ஆம் பிரிவு. அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இவ்விலக்கை மொழிபெயர்ப்புக்கும் நீட்டிக்கிறது. எனவே மான்குர்த்திலுள்ள ஒரு தமிழாசிரியர் ஆங்கிலப் பாடமொன்றைத் தம் வகுப்புக்காகத் தமிழாக்கிக் கொடுத்தால், அதற்குச் சட்டத்தின் துணை உண்டு. இந்த உட்பிரிவு பரவலாக அறியப்படாததாலேயே பல ஆசிரியர்கள் தேவையற்ற அச்சத்துடன் செயல்படுகின்றனர்.

'கற்பித்தலின் போக்கில்' என்ற தொடரின் பொருள் டெல்லிப் பல்கலைக்கழக வழக்கில் விரிவாக ஆராயப்பட்டது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்திலிருந்த ராமேஸ்வரி நகலகம், பாடத்திட்டத்துக்கேற்ப நூல்களின் பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்புகளாக விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இருநீதிபதி அமர்வு, வழக்கின் ஒரு பகுதியை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும், அடிப்படைக் கருத்தில் மாணவர்களின் பக்கமே நின்றது. கற்பித்தல் என்பது விரிவுரை நிகழும் ஒரு மணி நேரத்தோடு முடிவதில்லை. பாடத்தைத் திட்டமிடுவது முதல் மாணவர் கற்று முடிப்பது வரை அது நீள்கிறது என்ற விரிந்த பொருளை நீதிமன்றம் ஏற்றது. 2017ஆம் ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

எனினும் இத்தீர்ப்பு வரைந்த வட்டம் ஒரு கல்வி நிலையத்தின் ஆசிரியர்-மாணவர் உறவைச் சுற்றியது. மான்குர்த் ஆசிரியர் தம் தமிழாக்கத்தை இணையத்தில் ஏற்றித் தாராவியிலும் சயனிலும் உள்ள ஆசிரியர்களுக்குப் பொதுவில் வழங்கும்போது, அச்செயல் அவ்வட்டத்தைத் தாண்டி வெளியீடு என்னும் எல்லைக்குள் சென்றுவிடுகிறது. சட்டவிலக்கு ஒரு வகுப்பறையைக் காக்கிறது. வகுப்பறைகளுக்கு இடையிலான பாதையை அது அமைத்துத் தரவில்லை.

ஸ்டாக்ஹோம் தந்த ஏமாற்றம்

அந்தப் பாதையைப் பன்னாட்டுச் சட்டத்தின் வழியே அமைக்க இந்தியா முயன்ற காலம் ஒன்று இருந்தது. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளுக்குப் பாடநூல்கள் அவசரத் தேவையாக இருந்தன. பெர்ன் உடன்படிக்கையோ ஐரோப்பியப் பதிப்புத் தொழிலின் நலன்களை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1967ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாட்டில், வளரும் நாடுகள் கல்விக்காக மொழிபெயர்க்கவும் மறுபதிப்பிடவும் தாராளமான இடம்தரும் நெறிமுறை ஒன்று இயற்றப்பட்டது. அதற்காக வாதிட்டவற்றுள் முன்னணியில் நின்ற நாடு இந்தியா. வளர்ந்த நாடுகளின் எதிர்ப்பால் அந்நெறிமுறை நடைமுறைக்கு வரவில்லை. 1971ஆம் ஆண்டு பாரிசில் அதன் இடத்தில் ஒரு பிற்சேர்க்கை வந்தது. காத்திருப்புக் காலங்கள், விண்ணப்பங்கள், அறிவிப்புகள், இழப்பீடு எனப் பல படிகளைக் கொண்ட ஏற்பாடு அது.

1983ஆம் ஆண்டின் திருத்தம் அப்பிற்சேர்க்கையை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 32ஆம் பிரிவின்படி, கற்பித்தலுக்காக ஓர் அயல்நாட்டு நூலை மொழிபெயர்த்து வெளியிட விரும்புபவர், உரிய காலம் காத்திருந்து, உரிமையாளரிடம் முதலில் கேட்டு, மறுக்கப்பட்டாலோ அவரைக் கண்டறிய இயலாவிட்டாலோ மேலதிகார அமைப்பிடம் விண்ணப்பித்து, உரிமத்தொகை செலுத்தி அனுமதி பெறலாம். ஒரு பெரும் பதிப்பகத்துக்கேனும் இவ்வழி பயன்படக்கூடும். நாற்பது மாணவர்களுக்கு எட்டுப் பக்கப் பாடம் தேவைப்படும் ஆசிரியருக்கு இது திறக்காத கதவு. மும்பையின் தமிழ்வழிக் கல்வி எப்பதிப்பகமும் சந்தையாகக் கருதாத அளவுக்குச் சிறியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சந்தையும் வராது, சட்டத்தின் படிகளையும் ஏற முடியாது என்ற நிலையில்தான் மூன்றாவது வழி முக்கியத்துவம் பெறுகிறது.

முன்கூட்டியே தரப்படும் அனுமதி

மூன்றாவது வழி மென்பொருள் உலகில் பிறந்தது. நிரலைப் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமை தரும் குனூ பொது உரிமம் 1989ஆம் ஆண்டு வெளியானது. பதிப்புரிமையை ஒழிக்காமல், அவ்வுரிமையின் வலிமையைக் கொண்டே பகிர்தலை உறுதிசெய்ததே அதன் நுட்பம். இதே சிந்தனையைப் பாடல், படம், நூல், பாடம் ஆகியவற்றுக்கு விரிவுபடுத்தும் நோக்கில் 2001ஆம் ஆண்டு கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தோன்றியது. தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைப் படைப்பாக்கப் பொதுமம் என்கின்றனர். சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் அதன் நிறுவனர்களுள் ஒருவர். 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வெளியாயின. திறந்த கல்வி வளங்கள் என்ற சொல்லாட்சியை யுனெஸ்கோ மன்றம் ஒன்று உருவாக்கியதும் 2002ஆம் ஆண்டில்தான்.

இவ்வுரிமங்களுக்கு இந்தியா அறிமுகமான இடமும் மும்பையே. பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2007 ஜனவரியில் இந்தியச் சட்டத்துக்கேற்ற வடிவம் வெளியிடப்பட்டது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் இவற்றுக்கான சட்டத் தளத்தை மேலும் உறுதியாக்கியது. அதுவரை உரிமம் எழுத்தில் இருந்து கையொப்பமும் இடப்பட்டிருக்க வேண்டும் என்றிருந்த 30ஆம் பிரிவிலிருந்து கையொப்ப நிபந்தனை நீங்கியது. பொது அறிவிப்பின் மூலம் உரிமையை முற்றிலும் துறக்கவும் 21ஆம் பிரிவு வழிசெய்தது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. காலம் குறிப்பிடப்படாத உரிமம் ஐந்தாண்டுக்கு மட்டுமே செல்லும், இடம் குறிப்பிடப்படாதது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பது நம் சட்டத்தின் நிலை. வாட்ஸ்அப் குழுவில் 'எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதும் நல்லெண்ணத்துக்கும் முறையான உரிமத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது. படைப்பாக்கப் பொதும உரிமங்கள் உலகம் முழுமைக்கும், உரிமைக்காலம் முழுமைக்கும் என்று வெளிப்படையாகவே கூறுகின்றன.

மான்குர்த் இவ்வரலாற்றுக்குள் நுழைவது இக்கட்டத்தில். ஹோமி பாபா மையத்தின் நாலெட்ஜ் ஆய்வகம், இந்தியக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜி. நாகார்ஜுனாவின் வழிகாட்டலில், அறிவைக் கூட்டாகத் தொகுக்கும் நௌசிஸ் என்னும் மென்பொருளைக் குனூ திட்டத்தின் பகுதியாக உருவாக்கியது. 2013 ஆகஸ்ட் 13 அன்று நடுவண் அரசும் என்சிஇஆர்டியும் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியத்தின் தொழில்நுட்ப அடித்தளம் இந்த ஆய்வகத்திலிருந்து வந்தது. அக்களஞ்சியம் 'ஆக்குநர் சுட்டு – அதே மாதிரி பகிர்தல்' உரிமத்தை ஏற்றது. 2012ஆம் ஆண்டின் யுனெஸ்கோ பாரிஸ் அறிக்கையை ஒட்டி எடுக்கப்பட்ட முடிவு இது. பின்னர், மான்குர்த்தை அடுத்த தேவ்நாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் கழகமும் எம்ஐடியும் டாட்டா அறக்கட்டளைகளும் இணைந்து தொடங்கிய கிளிக்ஸ் திட்டத்திலும் ஹோமி பாபா மையம் பங்கேற்றது. உயர்நிலைப் பள்ளிகளுக்கான அதன் பாடங்கள் திறந்த வளங்களாக வெளியாயின. 2017ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோவின் மன்னர் ஹமாத் பரிசையும் அத்திட்டம் பெற்றது.

இதே காலத்தில் என்சிஇஆர்டியின் பாடநூல்கள் வேறொரு நிலையில் இருந்தன. அவற்றை எவரும் இணையத்தில் விலையின்றித் தரவிறக்கலாம். ஆனால் ஒவ்வொரு நூலின் முகப்பிலும் எல்லா உரிமைகளும் காப்புடையன என்ற அறிவிப்பு இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரு வாசல் திறந்தது, மற்றொரு வாசல் விலையற்றது மட்டுமே. இலவசம் என்பது விலையைப் பற்றிய சொல். திறந்த என்பது உரிமையைப் பற்றிய சொல். மாணவருக்கு முதலாவது போதுமானதாக இருக்கலாம். மொழிபெயர்க்க வேண்டிய ஆசிரியருக்கு இரண்டாவது இன்றியமையாதது.

நிபந்தனைகளின் எடை

படைப்பாக்கப் பொதுமத்தின் ஆறு உரிமங்களும் நான்கு நிபந்தனைகளின் சேர்க்கைகள். ஆக்கியவரைச் சுட்டுக; மாற்றியதை அதே உரிமத்தில் பகிர்க; வணிகத்துக்குப் பயன்படுத்தற்க; மாற்றியதை வெளியிடற்க. முதல் நிபந்தனை ஆறிலும் பொது. மற்ற மூன்றின் தேர்வே ஒரு பாடத்தின் பயணத்தை முடிவுசெய்கிறது.

மாற்றத்தை மறுக்கும் நிபந்தனையை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் எழுதப்படும் அலையாத்திக் காடுகள் பற்றிய பாடம் இயல்பாகவே பிச்சாவரத்தைக் காட்டும். மான்குர்த்துக் குழந்தை நாள்தோறும் காண்பது தாணே கடற்கழியின் அலையாத்திகளை. ரயில் பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும் சேற்றையும் பறவைகளையும். பாடம் அக்குழந்தையுடையதாக வேண்டுமெனில் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் தாணே வர வேண்டும். மராட்டிய மாநிலப் பாடத்திட்டத்தின் வரிசைக்கேற்பப் பகுதிகள் இடம்மாற வேண்டும். மாற்றத்தை மறுக்கும் உரிமம் இவற்றைத் தடுக்கிறது, மொழிபெயர்ப்பையும் தடுக்கிறது. 'படைப்பு சிதையக் கூடாது' என்ற நியாயமான கவலையால் இதைத் தேர்பவர்கள், சிறுபான்மை மொழி வகுப்பறைகளைத் தாம் அறியாமலே வெளியே நிறுத்திவிடுகின்றனர். சிதைவுக்கு எதிராக 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது என்பதும், மாற்றங்களைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று பிற உரிமங்களும் கட்டாயப்படுத்துகின்றன என்பதும் மறக்கப்படுகின்றன.

வணிக மறுப்பு நிபந்தனை மேலும் சிக்கலானது. ஆசிரியர் படியெடுக்கக் கொடுக்கும் தெருமுனை நகலகம் பக்கத்துக்கு ஒரு ரூபாய் வாங்குவது வணிகமா? அமெரிக்காவில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. கிரேட் மைண்ட்ஸ் என்னும் அமைப்பு வணிக மறுப்பு உரிமத்தில் கணிதப் பாடங்களை வெளியிட்டிருந்தது. பள்ளிகளுக்காக ஃபெட்எக்ஸ் கடைகள் அவற்றைக் கட்டணத்துக்குப் படியெடுத்தது மீறல் என அது வழக்கிட்டது. பள்ளியின் வணிகமற்ற பயன்பாட்டுக்காகக் கடை செய்துகொடுத்த பணி உரிமத்துக்கு உட்பட்டதே என்று 2018ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெல்லியின் ராமேஸ்வரியும் நியூயார்க்கின் ஃபெட்எக்ஸும் ஏறத்தாழ ஒரே கேள்வியைச் சட்டவிலக்கு, உரிமம் என்ற இருவேறு வழிகளில் எதிர்கொண்டன. இத்தகைய ஐயங்களுக்கே இடம் வைக்காத பாதையைத் தேர்ந்தவர்களும் உண்டு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொண்ணூறுகளில் தொடங்கிய பிரதம் இயக்கத்தின் தொடர்ச்சியாகத் தோன்றிய பிரதம் புக்ஸ், 2015ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகளுக்கு 'ஆக்குநர் சுட்டு' ஒன்றையே நிபந்தனையாக வைத்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அக்கதைகளைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்க முடிந்ததற்கு இத்தேர்வே அடிப்படை. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரல் பெற்றதும் திறந்த உரிமத்தின் கீழ்தான்.

உரிமம் தரும் கை யாருடையது?

இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. உரிமையாளர் மட்டுமே உரிமம் தர முடியும். ஒரு வகுப்பறையில் உருவாகும் படைப்பின் உரிமையாளர் யார்?

பணியின் பகுதியாக ஆசிரியர் எழுதும் பாடத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வேலை தருபவரே முதல் உரிமையாளராகக் கருதப்படலாம் என்கிறது 17ஆம் பிரிவு. எனவே மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் தாம் உழைத்து உருவாக்கிய பயிற்சித் தாளின்மீது தாமாகவே திறந்த உரிமத்தைப் பொறித்துவிட இயலாமற்போகலாம். தனிமனிதத் தாராளம் இங்கே போதாது. நிறுவனத்தின் கொள்கை வேண்டும். 2013ஆம் ஆண்டின் களஞ்சிய முடிவு ஏன் முக்கியமானது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஓர் அரசு நிறுவனம் தன் உரிமையைத் தானே தளர்த்திக்கொண்டது; அதன் குடையின்கீழ் எண்ணற்ற ஆசிரியர்களின் உழைப்பு பயணம் செய்ய முடிந்தது. பள்ளிகளை நடத்தும் மாநகராட்சிகளும் மாநிலக் கல்வித் துறைகளும் அத்தகைய முடிவை எழுத்தில் எடுக்கும்வரை, ஆசிரியர்களின் பகிர்தல் நல்லெண்ணத்தின் நிழலிலேயே நிகழும்.

மாணவரின் நிலை வேறு. அவர் எவருடைய ஊழியரும் அல்லர். அவர் வரைந்த ஓவியத்துக்கும் எழுதிய கவிதைக்கும் அவரே முதல் உரிமையாளர். பள்ளிச் சுவரில் ஒட்டியதாலோ போட்டிக்கு அனுப்பியதாலோ அவ்வுரிமை பள்ளிக்குப் போய்விடுவதில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய இயலாதவர் என்பதால், அவருடைய படைப்பைத் திறந்த உரிமத்தில் வெளியிடுமுன் பெற்றோரின் அறிந்த ஒப்புதல் தேவை. ஒருமுறை தரப்பட்ட இவ்வுரிமம் திரும்பப் பெற முடியாதது என்பதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வதும் பள்ளியின் கடமை. பிறர் படைப்பை மதிக்கக் கற்பிக்கும் வகுப்பறை, குழந்தையின் படைப்பை மதிப்பதிலிருந்தே அப்பாடத்தைத் தொடங்க முடியும்.

பயன்படுத்துபவர் செய்ய வேண்டியது எளிது. படைப்பின் தலைப்பு, ஆக்கியவர் பெயர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயர், செய்த மாற்றங்கள் என ஐந்து விவரங்களைத் தாளின் அடியில் ஒரு வரியில் எழுத வேண்டும். உரையாசிரியர் மூலநூலாசிரியரின் பெயரை மறைக்காமல் தம் உரையை எழுதிய மரபில் வந்த மொழிக்கு இது அயலான ஒழுக்கமன்று.

பாரதியின் பாடல்களுக்கு 1955ஆம் ஆண்டு கிடைத்த விடுதலைக்கு ஓர் அரசு தேவைப்பட்டது. ஸ்டாக்ஹோமில் அதைப் பன்னாட்டு விதியாக்கும் முயற்சி தோற்றது. டெல்லி நீதிமன்றம் ஒரு வகுப்பறையின் எல்லைவரை அதைக் காத்தது. மான்குர்த்தில் நிகழ்ந்தது அளவில் சிறியது. பாடத்தையும் அதை ஏந்தும் மென்பொருளையும் உருவாக்கியவர்கள், கேட்கப்படுவதற்கு முன்பே அனுமதியை எழுதிவைத்தனர். அவ்வனுமதி தமிழில் பயன்படும்போதுதான் அதன் பொருள் நிறைவுறும். அந்நிறைவு இனி மொழிபெயர்ப்பவர்களின் கையிலும், தம் ஆசிரியர்களின் உழைப்பைத் திறந்துவிட வேண்டிய பள்ளி நிர்வாகங்களின் கையிலும் இருக்கிறது.